பூச்சியத்தை எங்கே நட்டோம்?
நேர், மறை விகிதமுறு எண்களை ஒப்பிடுவது பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



கணித ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை என்பதால், வகுப்பறையில் இருந்தே விஷயத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு விகிதமுறு எண்களைக் கொடுத்து, எது பெரிது, எது சிறிது என்று கேட்பது. கனிஷ்ட வகுப்புப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற கணக்கு. இதற்கு ஒரு மேடையா என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான். ஆனால் வாரிசுப் பங்கு எழுதிய கடதாசி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, மூக்குக்கண்ணாடிக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டு, பத்திரிகையில் வரும் பணவீக்கச் செய்தி ஆகிய நான்கையும் கல்முனைப் பக்கத்து வீடுகள் அறியும். நான்கிலும் அதே அரைப் பக்கக் கணக்குத்தான் இருக்கிறது. பெரியவர்களான நாமும் அதில் அடிக்கடி தடுக்கி விழுகிறோம். கணக்குத் தெரியாததால் விழுவதில்லை. பூச்சியம் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று கேட்காமலே எது பெரிது என்று தீர்ப்புச் சொல்லப் போவதால் விழுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

1. விதி சிறியது

எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பது பெரிது. இடப்பக்கம் இருப்பது சிறிது. வரைவிலக்கணம் இவ்வளவே. நேர் எண் எதுவானாலும் அது பூச்சியத்துக்கு வலப்பக்கம். மறை எண் எதுவானாலும் இடப்பக்கம். ஆகவே ஒன்று நேராகவும் மற்றது மறையாகவும் இருந்தால் கணக்கே தேவையில்லை. 1/1000 என்ற பொடி எண், சய ஆயிரத்தை விடப் பெரிதுதான்.

இரண்டும் நேர் எண்ணாயின் பகுதிகளைச் சமப்படுத்த வேண்டும். 5/8, 7/12 என்ற இரண்டின் பகுதிகளுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 24. அவை 15/24, 14/24 ஆகின்றன. 5/8 பெரிது. இதுவரை எந்தப் பிள்ளையும் அதிகம் தடுமாறுவதில்லை.

இரண்டும் மறையானவுடன் தடுமாற்றம் வருகிறது. −5/8, −7/12 என்று கேட்டால், பிள்ளை அதே 24ஐக் கண்டுபிடிக்கும், 15ஐயும் 14ஐயும் பிழையின்றி எழுதும், கடைசி வரியில் −5/8 பெரிது என்று முடிக்கும். நீண்ட கணக்கு முழுவதும் சரி. ஒரு சொல் பிழை. பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும், கோட்டில் எந்த இடம் என்பதையும் பிள்ளை ஒன்றாக்கிவிட்டது. முன்னதை மட்டு என்கிறோம். −5/8இன் மட்டு பெரிது. அதனாலேயே அந்த எண் சிறிது. ஓர் எண்ணைச் சய ஒன்றால் பெருக்கினால் அது பூச்சியத்தின் மறுபக்கத்தில் அதே தூரத்தில் போய் நிற்கும். வலப்பக்கம் தூரத்தில் நின்றது இடப்பக்கமும் தூரத்திலேயே நிற்கும். சமனிலியின் குறி திரும்புவதற்குக் காரணம் இதுதான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

குறுக்குப் பெருக்கம் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. 3/(−4), (−5)/6 இரண்டில் எது பெரிது? மூவாறு பதினெட்டு, மறு பக்கம் சய ஐந்தைச் சய நாலால் பெருக்க இருபது. இருபது பெரிது, ஆகவே இரண்டாவது எண் பெரிது என்று எழுதினால் விடை பிழை. பகுதியிலிருந்த சய குறியை முதலில் தொகுதிக்கு ஏற்ற வேண்டும். (−3)/4, (−5)/6 என்றானபின் பெருக்கினால் −18, −20 கிடைக்கும். −18 பெரிது, ஆகவே −3/4 பெரிது. குறுக்குப் பெருக்கம் என்பது இரண்டு பக்கத்தையும் பகுதிகளால் பெருக்குவது. பகுதிகளில் ஒன்று மட்டும் மறையானால் குறி திரும்பும் என்பதைக் குறுக்குவழி நமக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

2. தடுக்கி விழுந்த பெரியவர்கள்

பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய கணித நூலுக்கு 263ஆம் ஆண்டில் உரை எழுதிய லியு ஹுய், நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சியும் மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சியும் வைக்கச் சொன்னார். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தமது பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் நேர் எண்ணைச் சொத்தாகவும் மறை எண்ணைக் கடனாகவும் கொண்டு, பூச்சியத்தையும் சேர்த்து விதிகள் வகுத்தார்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி, சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒன்றிலும் மறைக் குணகம் வராதபடி ஒழுங்குபடுத்தினார். அவருடைய அல்-ஜப்ர் நூலின் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்த நூற்றாண்டில் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940–998), அரச எழுத்தர்களுக்கும் வரவு செலவு பார்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு நூல் எழுதினார். அதில் 3இலிருந்து 5ஐக் கழித்தால் வருவதை 2 கடன் என்று கொள்கிறார். மறை எண் அரபுக் கணக்கு நூலுக்குள் எட்டிப் பார்த்த மிக அபூர்வமான இடம் அது. அது தத்துவ நூலில் வரவில்லை, கணக்கப்பிள்ளையின் கைநூலில் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலும் சண்டை ஓயவில்லை. ஒரு எண்ணைப் பிரிக்கும் எண் சிறுத்துக்கொண்டே போனால் விடை பெருத்துக்கொண்டே போகிறது. பூச்சியத்தால் பிரித்தால் முடிவிலி. பூச்சியத்தையும் விடச் சிறிய மறை எண்ணால் பிரித்தால் முடிவிலியையும் விடப் பெரிது வரவேண்டுமே என்று ஜோன் வாலிஸ் வாதிட்டார். பிரான்சின் அர்னோ 1667இல் இன்னொரு கேள்வி போட்டார். சய ஒன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள விகிதமும், ஒன்றுக்கும் சய ஒன்றுக்கும் உள்ள விகிதமும் சமன் என்கிறீர்கள். சிறியது பெரியதோடு கொண்ட விகிதம், பெரியது சிறியதோடு கொண்ட விகிதத்துக்கு எப்படிச் சமனாகும்? இருவரும் விழுந்தது நம் பிள்ளை விழுந்த அதே குழியில்தான். ஒன்றுக்கும் சய ஒன்றுக்கும் மட்டு ஒன்றே. விகிதம் மட்டையும் குறியையும் பார்க்கிறது. பெரிது சிறிது என்பதோ இடத்தைப் பார்க்கிறது. இரண்டையும் பிரித்து வைக்க மேதைகளுக்கே நூற்றாண்டுகள் எடுத்தன.

3. யாருக்கு அதிகம் குறைந்தது?

இனி நம் ஊர்க் கணக்கு. விருப்பாவணம் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை, அவர் சார்ந்த மத்ஹப் என்ற சட்டப் பிரிவின்படி பங்கிட வேண்டும் என்று இலங்கையின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. கடன் போக மிச்சத்தில்தான் பங்கு. குர்ஆனின் நிஸா அத்தியாயம் குறித்துத் தரும் பங்குகள் ஆறு பின்னங்கள்: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6.

ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, இரண்டு மகள்மார், வாப்பா, உம்மா இருக்கிறார்கள். மனைவிக்கு 1/8, மகள்மாருக்கு 2/3, வாப்பாவுக்கு 1/6, உம்மாவுக்கு 1/6. பகுதியை 24 ஆக்கினால் 3, 16, 4, 4. கூட்டினால் 27/24. சொத்து ஒன்றுதான், பங்கோ ஒன்றைத் தாண்டி 1/8 கூடிவிட்டது. அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதாக மரபு. அதனால் இந்தக் கணக்குக்கு மின்பரிய்யா என்றே பெயர். விடை இதுதான்: 24ஐ எடுத்துவிட்டு 27ஐப் பகுதியாக வை. மனைவியின் 1/8 இப்போது 3/27, அதாவது 1/9. மகள்மாருக்கு 16/27, பெற்றோருக்குத் தலைக்கு 4/27. வாரிசுப் பங்கீட்டுக் கலையான பராயிழில் இதை அவ்ல் என்பார்கள்.

கையில் பிடித்துப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். மனைவிக்கு 1/8 என்றால் 20 பேர்ச். 1/9 என்றால் 17.8 பேர்ச் அளவு. காணி நெருக்கடியான நம் கரையோரத்தில் 2 பேர்ச்சுக்கு மேல் என்பது ஒரு கிணறும் குளியலறையும் நிற்கிற இடம்.

இப்போது கேள்வி. குறைந்த அளவுகளை மறை எண்ணாக எழுதினால், மனைவிக்கு 1/9 − 1/8 = −1/72. மகள்மாருக்கு 16/27 − 2/3 = −2/27. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தலைக்கு 4/27 − 1/6 = −1/54. இவற்றில் எது பெரிது? பகுதியை 216 ஆக்குங்கள்: −3/216, −16/216, −4/216. மிகப் பெரிய எண் −1/72; அதாவது மனைவிக்குத்தான் மிகக் குறைவாகக் குறைந்தது. மிகச் சிறிய எண் −2/27. மகள்மாருக்குத்தான் அதிகம் போனது. எல்லோரிடமும் குறைந்ததைக் கூட்டினால் 27/216, அதாவது கூடிப்போன அதே 1/8. கணக்கு மூடிவிட்டது.

அப்படியானால் மகள்மாருக்கு அநியாயமா? பொறுங்கள். இந்த எண்கள் முழுச் சொத்தை ஒன்றாக வைத்து அளந்தவை. ஒவ்வொருவரின் பழைய பங்கை ஒன்றாக வைத்து அளந்தால், மனைவி இழந்தது தன் 1/8இல் ஒன்பதில் ஒன்று, மகள்மார் இழந்தது தங்கள் 2/3இல் ஒன்பதில் ஒன்று, பெற்றோரும் அப்படியே. நால்வகையினருக்கும் ஒரே −1/9. முதல் அளவில் மூன்று வேறு எண்கள். இரண்டாம் அளவில் ஒரே எண். அவ்ல் முறையின் நீதி இரண்டாம் அளவில்தான் தெரியும். எதை ஒன்றாக வைத்தோம், எதைப் பூச்சியமாக வைத்தோம் என்று சொல்லாமல் யாருக்கு அதிகம் குறைந்தது என்று கேட்டால், ஒரு குடும்பம் முழுவதும் வருடக்கணக்கில் வாய்ச்சண்டை பிடிக்கலாம்.

4. நீதிமன்றம் ஏறிய பூச்சியம்

நமது பிள்ளைகள் மிகவும் அஞ்சுகிற விகிதமுறு எண் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த இந்த முறை 2001 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் வருவது அந்தப் பாடத்தின் இசட். மூன்று பாடத்தின் இசட்டுகளின் சராசரி நான்கு தசமதானத்தில் வெளியாகும். பூச்சியம் இங்கே என்ன? இடைப் புள்ளி. ஆகவே சய குறியோடு வந்த இசட்டுக்கு ‘பெயில்’ என்று அர்த்தமில்லை. அந்தப் பரீட்சார்த்தி இடைக்குக் கீழே நிற்கிறார், அவ்வளவுதான். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளையின் தாளில் சய குறியைக் கண்டு வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

விளங்குவதற்கு நானே எடுத்த எண்களோடு ஒரு கணக்கு. மாணவி ஒருத்திக்கு 60, 62, 45. முதல் பாடத்தின் இடை 48, நியம விலகல் 16. இசட் 12/16, அதாவது 3/4. இரண்டாவதன் இடை 66, விலகல் 12, இசட் −1/3. மூன்றாவதன் இடை 50, விலகல் 20, இசட் −1/4. கூட்டினால் 9/12 − 4/12 − 3/12 = 1/6. மூன்றால் பிரிக்க 1/18, தசமத்தில் 0.0556.

இன்னொரு மாணவனுக்கு 64, 58, 58. அவனது முதல் பாடம் வேறு, இடை 60, விலகல் 16, இசட் 1/4. மற்ற இரண்டு பாடமும் அவளுடையவையே. இசட் −2/3, 2/5. கூட்டினால் 15/60 − 40/60 + 24/60 = −1/60. மூன்றால் பிரிக்க −1/180, தசமத்தில் −0.0056. அவனது மொத்தப் புள்ளி 180. அவளது மொத்தம் 167. பழைய மொத்தப் புள்ளி முறையில் அவன் முன்னே. இசட்டில் அவள் முன்னே. அவள் எடுத்த 60, எல்லோரும் தடுமாறிய பாடத்தில் எடுத்த 60. அவன் எடுத்த 64, பலரும் ஏறிவிட்ட படியில் நின்று எடுத்த 64.

இந்தப் பூச்சியத்தை எங்கே நடுவது என்பது நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களைச் சேர்த்து இசட் கணித்தார்கள். வழக்கு வந்தது. இரு பிரிவினரையும் தனித்தனிக் கூட்டமாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி 2012இல் நீதிமன்றம் சொன்னது. சட்டத்தரணிகளின் மொழியில் அது சமத்துவம் பற்றிய வழக்கு. கணித ஆசிரியனின் மொழியில், வெவ்வேறு பூச்சியத்திலிருந்து அளக்க வேண்டிய எண்களை ஒரே பூச்சியத்திலிருந்து அளந்து ஒப்பிட்டது பற்றிய வழக்கு.

பல்கலைக்கழக அனுமதியிலும் அளவுகோல் ஒன்றல்ல. பல கற்கைநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நமது அம்பாறையும் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் இசட்டையும் கல்முனைப் பிள்ளையின் இசட்டையும் எண்கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருமூச்சு விடுவதில் பெரிய பயனில்லை. வெட்டுப்புள்ளி வேறு.

5. கண்ணாடித் துண்டு

கண் டொக்டரின் துண்டில் −1.25 என்றும் −2.50 என்றும் எழுதியிருக்கும். இந்த எண்கள் காற்படியாக, 0.25 வித்தியாசத்தில் நகர்கின்றன. −2.50 போட்டவருக்குத்தான் ‘பவர் கூட’ என்று நாம் சொல்கிறோம். எண்கோட்டில் −2.50 சிறிது. முரண்பாடு எதுவும் இல்லை; சய குறி குழிவு வில்லை என்று சொல்கிறது, பவர் கூட என்பது மட்டைச் சொல்கிறது.

இங்கே ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. வில்லையின் வலுவைத் தலைகீழாக்கினால் குவியத் தூரம் மீற்றரில் வரும். −5/2ஐத் தலைகீழாக்க −2/5. அதாவது கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு 40 சென்ரிமீற்றர் வரைதான் தெளிவு. −5/4ஐத் தலைகீழாக்க −4/5. இவருக்கு 80 சென்ரிமீற்றர் வரை தெளிவு. வலுவில் −5/2 சிறிது, −5/4 பெரிது. தூரத்தில் −2/5 பெரிது, −4/5 சிறிது. ஒரே குறியுள்ள இரண்டு எண்களைத் தலைகீழாக்கினால் வரிசை திரும்பும். குறி வேறானால் திரும்பாது. இரண்டு வரிச் சூத்திரம், ஒரு கண்ணாடிக் கடைத் துண்டில் கிடைக்கிறது.

6. சய குறியோடு வந்த விலைவாசி

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். 2024 செப்டெம்பரில் அது −0.5 ஆனது. 2025 பெப்ரவரியில் −4.2, மார்ச்சில் −2.6, ஏப்ரலில் −2.0, மே மாதத்தில் −0.7, ஓகஸ்டில் +1.2. பெப்ரவரியிலிருந்து மே வரை இந்த எண் ஏறிக்கொண்டே போனது, −0.7 என்பது −4.2ஐ விடப் பெரிதல்லவா? ஆனாலும் மே மாதத்திலும் விலை மட்டம் ஒரு வருடத்துக்கு முந்தியதை விடக் கீழேதான் இருந்தது. பணவீக்கம் கூடியது, விலை போன வருடத்தை விடக் குறைவு என்ற இரண்டு வசனமும் ஒரே மாதத்தில் உண்மை.

கடைக்குப் போகிற உம்மாவுக்கு இது ஏமாற்று வித்தை மாதிரித் தெரியும். அவர் மனதில் நட்டிருக்கிற பூச்சியம் 2021இன் விலை. திணைக்களத்தின் பூச்சியம் போன வருடம் இதே மாதம். 70 வீதம் ஏறிய மலையிலிருந்து 4 வீதம் இறங்கினால் அடிவாரம் வந்துவிடாது. இருவரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு இடத்தில் நின்று அளக்கிறார்கள்.

எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைக் கடற்கரையும் கேட்கச் சொல்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்குப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. சேர்ந்ததை நேராகவும் அரித்ததை மறையாகவும் எழுதிச் சராசரி எடுத்தால் பூச்சியத்துக்குக் கிட்ட ஓர் எண் வரக்கூடும். அந்தச் சராசரியில் நிந்தவூர்ப் பக்கத்து மீனவன் தன் தோணியை இழுத்து வைக்க முடியாது. அவனுக்கு வேண்டியது அவன் கரையின் எண்.

7. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

திசைகொண்ட எண்களை ஒரு பாடத்திலும், பின்னங்களை இன்னொரு பாடத்திலும், தசமங்களை மூன்றாவதிலும் படிப்பிக்கிறோம். மூன்றும் ஒன்றாக வரும் கேள்வியில் பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறது. −0.45ஐயும் −1/2ஐயும் −3/8ஐயும் ஒரே எண்கோட்டில் குறிக்கச் சொல்லும் பயிற்சி வாரம் ஒன்றாவது வேண்டும். 45 என்ற இலக்கத்தைக் கண்டு −0.45தான் மிகச் சிறிது என்று நம்பும் பிள்ளைக்கு, கோட்டில் தானே புள்ளியை இடும்போது விஷயம் பிடிபடும்.

இரண்டு மறை எண்களுக்கு நடுவில் எத்தனை எண்கள் என்றும் கேளுங்கள். −1/8க்கும் −1/9க்கும் நடுவில் −17/144 இருக்கிறது, அதற்கும் −1/8க்கும் நடுவில் இன்னொன்று, முடிவே இல்லை. நான்கு தசமதானத்தில் வெட்டப்படும் வெட்டுப்புள்ளி எவ்வளவு மெல்லிய கோடு என்று அப்போது விளங்கும். அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்ற பிள்ளையை நாம் வேறு மாதிரிப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரீட்சை வினாவை மாற்றுவோம். ‘−3/4, −5/6 ஆகியவற்றில் பெரியது எது?’ என்று கேட்டு ஒரு புள்ளி கொடுப்பதோடு நிற்காமல், அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன்: ‘இவ்விரு எண்களும் இடம்பெறக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தைக் கூறி, அதில் பூச்சியம் எதைக் குறிக்கிறது என எழுதுக. பெரிய எண் நல்ல செய்தியாகும் ஒரு சந்தர்ப்பத்தையும், கெட்ட செய்தியாகும் ஒரு சந்தர்ப்பத்தையும் தருக.’ அடுத்த தவணைப் பரீட்சைக்கு இதை வைத்துப் பாருங்கள். விடைத்தாள் திருத்தும்போது கொஞ்சம் நேரம் கூடச் செல்லும். அந்த நேரம் வீண் போகாது.